மூன்றாம் வருடத்துச் சோயா

வயல் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் நெவெங்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அந்த ஒரு நொடிச் சந்தோஷத்துக்காகப் பின்னால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

நோவி சாட் நகரத்து ஆஸ்பத்திரியில் புருஷன் ஸாவாவின் நெஞ்சைப் பிளந்து தைத்திருந்தார்கள். அங்கேயே கிடந்துவிட்டு, மாற்றுத் துணி எடுத்துப் போக வந்தவள் வழியில் காரை நிறுத்தினாள். அவள் ஊரைவிட்டுப் போகும்போது இந்த நூற்றிருபது ஹெக்டேரில் சோயாவைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. முட்டி உயரத்துக்குக் களை. மேலே அம்ப்ரோசியா, கீழே கீரைப்பூண்டு, நடுவில் மூச்சுத் திணறிக்கொண்டு சோயா. இப்போது கோடு போட்ட மாதிரி வரிசை வரிசையாகச் சோயா மட்டும் நின்றது.

இறங்கிப் போய்க் குனிந்தாள். களை பிடுங்கப்படவில்லை. நுனி சுருண்டு, தண்டு மஞ்சளாகி, நின்ற இடத்திலேயே செத்திருந்தது. சோயா இலைகளில் அங்கங்கே சூடு பட்ட மாதிரிப் புள்ளிகள். ஒரு செடியைப் பிடுங்கி முகர்ந்தாள். மூன்று வருடமாக இந்த மண்ணில் இல்லாத நாற்றம் அது.

சோயாவை விட்டுவிட்டுக் களையை மட்டும் கருக்குகிற மருந்தை யாரோ அடித்திருக்கிறார்கள்.

மூன்று வருடம். இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவன் மூன்று வருடம் மருந்து தொடாமல் இருக்க வேண்டும். அதுவரை விளைகிறதெல்லாம் சாதாரணச் சோயாதான், சாதாரண விலைதான். இந்த இலையுதிர்காலத்து அறுப்போடு அந்த மூன்று வருடம் முடிந்து சான்று கைக்கு வரும். முதல் வருடம் ஊரே கைகொட்டிச் சிரித்தது. கோழிப்பண்ணைக் குப்பையை வண்டி வண்டியாக ஏற்றி வந்தபோது, நெவெங்கா வீட்டுக்கு வழி கேட்க வேண்டாம், மூக்கு சொல்லும் என்றார்கள். விளைச்சல் பக்கத்து வயலில் பாதி. கொல்லையில் நாலு பாத்தி தக்காளியை மருந்தில்லாமல் வளர்க்க எவளாலும் முடியும். நூற்றிருபது ஹெக்டேர் என்றால் மழையும் ஆளும் எந்திரமும் ஒரே வாரத்தில் ஒத்துவர வேண்டும். வரிசைக்கு நடுவே கொத்திக்கொண்டு போகும் எந்திரத்தைச் சோயா தலையெடுக்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். இந்த ஜூனில் மழை விடவில்லை, சேற்றில் எந்திரம் இறங்கவில்லை, கையால் களையெடுக்க ஆள் தேடினால் ஆளெல்லாம் கூலிக்கு ஜெர்மனி போய்விட்டார்கள். மழை விட்ட அன்று காலை, டிராக்டரில் ஏறப்போன ஸாவா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்தான்.

யார் அடித்திருப்பான் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டினால் ராதோமிரின் நிலம், ஆயிரம் ஹெக்டேர். ஊரில் பெரிய மருந்தடிக்கும் எந்திரம் அவனிடம்தான் உண்டு. நெவெங்கா காரைத் திருப்பினாள்.

ராதோமிர் வெறும் பக்கத்து வயல்காரன் இல்லை. அவர்கள் கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவன், மகளுக்குப் பெயர் வைத்தவன். அவர்களுக்குக் கூம்; அவள் அவனுக்குக் கூமா. பனாத் சீமையில் கூடப்பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போகலாம், கூமோடு குரலை உயர்த்தக்கூடக் கூடாது. முப்பது வருடமாக அவளும் அவனும் ஒருவரை ஒருவர் "நீங்க" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அவன் முற்றத்தில் நின்று டிராக்டர் ஓட்டுநர்களோடு பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க கூமா. ஸாவா எப்படி இருக்கான்?"

"யார் அடிச்சது?"

ராதோமிர் ஓட்டுநர்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் சேர்ந்துதான் கூமா. மொபா. போன ஞாயித்துக்கிழமை ஊர் டிராக்டர் அத்தனையும் இறங்குச்சு. ஒருத்தனும் சர்ச்சுக்குக்கூடப் போகல. வீட்டுக்காரன் ஆஸ்பத்திரில கிடக்கறான், வயல் காடாக் கிடக்குது. பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க நாங்க என்ன அந்நியமா?"

நோய் விழுந்த வீட்டு வயலில் யாரும் கூப்பிடாமலே ஊர் இறங்கி வேலையை முடிப்பதுதான் மொபா. கூலி கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு மட்டும். நெவெங்காவும் பல வீட்டு மொபாவுக்குப் போனவள்தான், அதைப் பார்த்து நெகிழ்ந்து அழுதவள்தான்.

"என்னைக் கேட்டியா?"

முப்பது வருடத்தில் முதல் "நீ". ஓட்டுநர் ஒருவன் மெல்ல நழுவப் பார்த்தான். அவன் காலே நகரவில்லை. ராதோமிரின் கழுத்து சிவந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.

"மொபாவுக்குக் கேட்டுக்கிட்டா வருவாங்க?" என்றான் கடைசியில்.

"மூணு வருஷமா நான் என்ன பண்றேன்னு உனக்குத் தெரியும். சேற்றுல நின்னு நான் சொல்லாத நாள் இல்ல. உன் மருந்து காத்துல வந்து என் ஓரத்தைக் கருக்குச்சே, அப்போ வாயைத் திறந்தேனா? ஓரத்துல ஒம்பது மீட்டர் நிலத்தை உனக்காகத் தரிசாப் போட்டேன். உன் டிராக்டரை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டு வர உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நானும் சொல்றேன், கேளுங்க." அவனுக்கும் குரல் ஏறியது. "உங்க அம்ப்ரோசியா ஆகஸ்ட்ல பூத்தா என் வீட்டுக்காரி ஸோர்கா ஜன்னலைச் சாத்திக்கிட்டு, மூச்சு மருந்தை வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உங்க களை விதை என் கோதுமைக்குள்ள வருது. உங்க கொள்கைக்கு நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு தடவை கூடுதலா மருந்து அடிக்கறேன், தெரியுமா? களைக்கொத்தைத் தூக்கிக்கிட்டு நூத்திருபது ஹெக்டேர்ல உபதேசம் பண்றது எளிசு. இது கொல்லைப்புறம் இல்ல கூமா."

அது பொய்யில்லை. அது பொய்யில்லை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

"அதை என் முகத்துக்கு நேரா வந்து சொல்லியிருக்கணும். நான் ஊர்ல இல்லாதப்போ டிராக்டரை விட்டுச் சொல்லக்கூடாது."

ராதோமிர் குரலைத் தணித்தான். "அகேசியா மரம் ஓரமா ஈரம், அங்க மட்டும் அடிக்கல. அந்தச் சான்று ஆபீஸ் பொண்ணு வந்தா அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போங்க, சோதனைக்கு இலை அங்கயே பறிக்கச் சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது? ஊர்ல ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்."

"கள்ளத்தனத்தையும் சொல்லிக் குடுக்கறியா? இனிமே என்னைக் கூமான்னு கூப்பிடாத. நீ எனக்குக் கூம் இல்ல."

வேலிக்கு வெளியே சைக்கிளோடு இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வேறு பேச்சே இல்லை.

கடையில் ரொட்டி வாங்கப் போனபோது மிலேவா கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். மிலேவாவின் புருஷனும் அந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் ஓட்டியவன்.

"மொபாச் சாப்பாடு எப்போன்னு ஆம்பளைங்க கேக்கறாங்க. பன்னியா, ஆடா?"

"களைக்கொல்லி மிச்சம் இருந்தாச் சொல்லு, ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊத்தித் தரேன்."

"நன்றின்னு ஒண்ணு இருக்குடி நெவெங்கா."

"இருக்கு. அது கேட்டுச் செய்யறவங்களுக்கு."

ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கடையில் எழுந்த முணுமுணுப்பு தெருமுனைவரை அவளோடு வந்தது. நல்லது செய்தவனைத் திட்டுகிறவளுக்கு எந்த ஊரிலும் ஆள் சேராது. உதைத்தவனைத் திட்டினால் நாலு பேர் துணைக்கு வருவார்கள். அணைத்து எலும்பை முறித்தவனைத் திட்டினால் நம்மைத்தான் பைத்தியம் என்பார்கள்.

வீட்டு வாசலிலேயே நின்று, சான்று அலுவலகத்து இல்டிகோவுக்குப் போன் போட்டாள். சோயாவில் மருந்து விழுந்திருக்கிறது, வாருங்கள் என்றாள். யார் அடித்தது என்று கேட்டதற்கு, நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சட்டம் அவளுக்குத் தெரியும். வெளியாள் அடித்திருந்தால் அடித்த வயல் மட்டும் முதல் வருடத்துக்குத் திரும்பும். மற்ற வயல்களில் நிற்கும் கோதுமையும் சூரியகாந்தியும் பிழைக்கும். அடித்தவன் அபராதம் கட்டுவான். வீட்டுக்காரனே அடித்திருந்தால், அல்லது அடிக்கச் சொல்லியிருந்தால், மொத்த நிலமும் போகும். ராதோமிர் பெயரைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் ஒரு சுகம்கூட இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கோழி சூப் கொண்டு போனாள். ஸாவாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனாள். அதிர்ச்சி தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸாவா இருமும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். முகம் பாதியாகியிருந்தது. அவள் ஊட்ட ஊட்டக் குடித்தான். நாய் சாப்பிடுகிறதா என்று கேட்டான். கிணற்று மோட்டாரைக் கேட்டான். மகள் வியன்னாவிலிருந்து எப்போது வருகிறாள் என்று கேட்டான்.

நெவெங்காவின் கை பாதியில் நின்றது. இவன் தன் தாய் செத்த அன்றே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மழை கோதுமையைச் சாய்த்துவிட்டதா என்று விசாரித்தவன்.

"சோயாவை ஏன் கேக்கல?"

ஸாவா ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆச்சரியப்படவில்லை. எப்படிச் சுத்தமானது என்று கேட்கவில்லை.

"ஸாவா."

"நான்தான் சொன்னேன்." கண்ணைத் திறக்காமலே பேசினான். "ஆப்பரேஷனுக்கு முந்தின நாள். நீ காப்பி வாங்கப் போயிருந்தே. ராதோமிருக்குப் போன் போட்டேன். மாட்டேன்னுட்டான். நெவெங்கா கொன்னுடுவா, மூணாவது வருஷம்டா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு என்னைத் திட்டினான். கெஞ்சினேன். சாகப்போறவன் கேக்கறேன்னு சொன்னேன். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்?"

"பயம். ஆப்பரேஷன் மேசையிலயே போயிட்டேன்னா அந்தக் களையோட உன்னைத் தனியா விட்டுட்டுப் போகணுமேன்னு பயம். பொழைச்சு வந்தாலும் மறுபடி அந்த எந்திரத்துல உக்காந்து கோடு கோணாம ஓட்டணுமேன்னு பயம். என்னால முடியல நெவெங்கா. ரெண்டு வருஷமாவே முடியல. உன்கிட்டச் சொல்லத் தைரியம் இல்ல."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"அதுக்குத்தான் கேக்கறது."

தலைமாட்டில் இருந்த கருவியில் பச்சைக்கோடு ஏறி இறங்கியது. அவள் கத்தினால் அது என்ன செய்யும் என்று பார்த்தாள். பிளந்து தைத்த நெஞ்சைப் பார்த்துக் கத்த முடியாது. இந்த மனுஷனுக்குப் பயத்தைச் சொல்லக் கிடைத்த இடத்தைப் பார், அவள் வாயைத் திறக்கவே முடியாத இடம். கிண்ணத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள்.

காரில் வரும்போது ராதோமிரின் முற்றம் ஞாபகத்துக்கு வந்தது. ஆட்கள் முன்னால் அவன் வாயைத் திறந்து மூடியது. கூம் இல்லை என்று அவள் சொன்னபோதும் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றது. அவனிடம் வெட்கப்பட வேண்டியிருந்ததற்கும் சேர்த்து ஸாவா மேல் கோபம் வந்தது.

இல்டிகோ வந்தபோது நெவெங்கா வயலோரத்தில் காத்திருந்தாள். ராதோமிர் நெவெங்காவுக்கும் முன்னாலேயே வந்து நின்றான். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. அந்த ஊரில் எந்தக் கார் எங்கே திரும்புகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இல்டிகோ சின்னப் பெண், சுபோடிட்சாவிலிருந்து வருகிற ஹங்கேரிக்காரி. மூன்று வருடமாக இந்த வயலுக்கு வந்து வந்து அதன் மேல் அவளுக்கும் ஒரு பிடிப்பு வந்திருந்தது. செத்த களையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கேட்பதற்கு முன்னாலேயே ராதோமிர் தொண்டையைக் கனைத்தான்.

"நான்தான் அடிச்சேன். யாரையும் கேக்கல. குடிச்சிருந்தேன். என் மருந்து, என் டிராக்டர், என் கொழுப்பு. இவங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

இல்டிகோ அவனையும் நெவெங்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படின்னா இந்த வயல் மட்டும்தான் முதல் வருஷத்துக்குத் திரும்பும். மத்ததுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு அபராதம் வரும், பெரிசாவே வரும்."

"கட்டறேன்."

"வீட்டுக்காரர் சொல்லித்தான் அடிச்சதுன்னா எல்லாமே போயிடும். கோதுமை, சூரியகாந்தி, எல்லாம். அதனாலதான் உங்களையும் கேக்கறேன். இவர் சொல்றது சரிதானே?"

ஆமாம் என்றால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். கோதுமை பிழைக்கும், சூரியகாந்தி பிழைக்கும். முந்தாநாள் இதே பெயரைச் சொல்லத்தானே இந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். ராதோமிர் அவளைப் பார்க்காமல் அகேசியா மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லிவிடுங்கள் என்று அவன் முதுகே கெஞ்சியது.

அவள் அடுத்துச் செய்ததை நேர்மை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது கோபம்தான். புருஷன் அவளைக் கேட்காமல் அவளுக்காக முடிவு செய்தான். ஊர் அவளைக் கேட்காமல் அவள் வயலில் இறங்கியது. இப்போது இந்த மனுஷன் அவளைக் கேட்காமல் அவளுக்காகப் பொய் சொல்கிறான். எல்லோருக்கும் அவள் மேல் அவ்வளவு பிரியம்; அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும்வரை நிற்க மட்டும் ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

"பொய்," என்றாள். "என் புருஷன் சொல்லித்தான் அடிச்சாங்க."

"கூமா, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

இல்டிகோ பெரிதாகத் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக நெவெங்காவைப் பார்த்தாள்.

"இந்தக் களைப் பூ எனக்கு ஒத்துக்காது. காது அடைச்சுப்போச்சு, நீங்க சொன்னது விழல. யோசிச்சு இன்னொரு தடவை சொல்லுங்க."

இவளுமா. நெவெங்காவுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பும் எரிச்சலாகத்தான் வந்தது. பூக்கும் காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

"என் புருஷன் சொன்னான். இவர் மாட்டேன்னு சொல்லியும் கெஞ்சி அடிக்க வெச்சான். நல்லா விழுந்துச்சா? இல்ல, பக்கத்து ஊருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லட்டுமா?"

"விழுந்துச்சு," என்றாள் இல்டிகோ. அவள் கண் கலங்கியிருந்தது. நாலு இடத்தில் இலை பறித்துப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

ராதோமிர் தொப்பியைக் கசக்கிக்கொண்டே நின்றான்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? எனக்கு அபராதம் ஒரு பொருட்டா? மொத்த நிலமும் போச்சே."

"நீங்க எனக்கு ஒரு மொபா பண்ணிட்டீங்க கூமே. அதுவே போதும்." அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க கூம் இல்லன்னு ஆளுங்க முன்னாடி சொன்னேன். அது தப்பு. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் சாப்பிட வரச் சொல்லுங்க, அங்கயே அவங்க முன்னாடியே நீங்க என் கூம்னு சொல்றேன். ஆனா கோபம் தீர்ந்துடுச்சுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. சாப்பாடு வேற, கோபம் வேற."

"களைக்கொல்லியா ஊத்தப்போறீங்க? மிலேவா சொன்னா."

"அதை அன்னிக்குக் காலைல முடிவு பண்றேன். உங்க யாரையும் கேக்காம."

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தலையாட்டிவிட்டுத் தன் எல்லைக்குள் நடந்தான். அவள் அங்கேயே நின்று ஸாவாவுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்; போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"போச்சா?"

"எல்லாம் போச்சு. கோதுமையும்."

அவன் தயங்கித் தயங்கி, "அப்போ நாமளும் எல்லாரையும் மாதிரியே பண்ணலாம்" என்றான்.

"உன்னை யாரு கேட்டா? முதல் வருஷத்துலேந்து ஆரம்பிக்கறேன். அறுபது ஹெக்டேர், அதுக்கு மேல இல்ல. அவ்வளவுதான் என் ஒருத்தியால களையில்லாம வெச்சுக்க முடியும். மிச்சத்தை ராதோமிருக்குக் குத்தகைக்கு விடறேன், அவன் இஷ்டத்துக்கு மருந்து அடிச்சுக்கட்டும். எந்திரத்தை நான் ஓட்டறேன். கோடு கோணினா கோணிட்டுப் போகுது."

"நெவெங்கா."

"என்ன?"

"நாளைக்கு வருவியா?"

செத்த களைக்கு நடுவே சோயா காற்றில் அசைந்தது. பார்க்க இன்னும் அழகாகத்தான் இருந்தது, சனியன்.

"வருவேன். சோறு ஊட்டுவேன். பேச மாட்டேன்."